காட்டின் கார்பனைச் செயற்கைக்கோள் எடைபோடுமா?

கேள்வி: "செயற்கைக்கோள் படத்தை வைத்தே ஒரு காட்டில் எத்தனை டன் கார்பன் இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? முடியும் என்றால் இன்னும் ஏன் ஆட்கள் டேப்பைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள்? சில நூறு ஹெக்டேர் மலைக்காட்டுக்கு நாங்களே கணக்கெடுக்க வேண்டுமானால் எப்படிச் செய்வது?"

முதல் பகுதிக்கு நேரடிப் பதில்: முடியாது. எந்தச் செயற்கைக்கோளும் கார்பனை அளப்பதில்லை. கேமரா வகைக் கருவிகள் இலையில் பட்டுத் திரும்பும் வெயிலை அளக்கின்றன. ரேடார், தான் அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்க்கிறது. லேசர் உயரத்தை அளக்கிறது. இவற்றை டன்னாக மாற்றுவது ஒரு சமன்பாடு. அந்தச் சமன்பாட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது தரையில் அளந்த மாதிரித் திடல்கள், அதாவது எல்லை குறித்து உள்ளே நிற்கும் மரங்களை அளக்கும் சிறு துண்டு நிலங்கள். திடலில் அளப்பதும் எடை அல்ல, விட்டமும் உயரமும்தான். அதை எடையாக்க இன்னொரு சமன்பாடு இருக்கிறது. அது எங்கோ, எப்போதோ வெட்டி எடைபோட்ட மரங்களிலிருந்து பிறந்தது. ஆகவே வரைபடத்தில் ஒரு கட்டத்தைச் சொடுக்கி "ஹெக்டேருக்கு 142 டன்" என்று பார்த்தால், அது மூன்று கை (திடலில் டேப், மரத்தின் சமன்பாடு, செயற்கைக்கோளின் சமன்பாடு) மாறி வந்த எண் என்பது நினைவிருக்கட்டும். கெடுதல் அதிகம் நேர்வது முதல் இரண்டு கைகளில். புதிதாக இறங்குபவர்களின் கவனமெல்லாம் மூன்றாவதில், அதாவது மென்பொருளில் இருக்கும். அதனால் இந்தப் பதிலில் தரைவேலைக்குத்தான் அதிக இடம்.

வெட்டாமல் எடை தெரிவது எப்படி

வெப்பமண்டலக் காடுகளுக்கு இன்று அதிகம் புழங்குவது 2014இல் வெளியான சமன்பாடு. 58 இடங்களில் வெட்டி எடைபோட்ட 4,004 மரங்களை வைத்துக் கட்டியது:

தரைக்குமேல் உலர் எடை (கிலோ) = 0.0673 × (அடர்த்தி × விட்டம்² × உயரம்)^0.976

விட்டம் செ.மீ.யில், உயரம் மீட்டரில், மர அடர்த்தி கன செ.மீ.க்கு கிராமில். 40 செ.மீ. விட்டம், 22 மீட்டர் உயரம், 0.6 அடர்த்தி உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குள் 21,120 வரும். முடிவில் எடை ஏறத்தாழ 1,120 கிலோ. இதில் கார்பன் 47 விழுக்காடு என்பது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி தரும் பொது மதிப்பு: 526 கிலோ. கார்பன் டை ஆக்சைடாகச் சொல்ல 44/12ஆல் பெருக்கினால் 1,930 கிலோ. ஒரே மரத்துக்கு மூன்று எண்கள். பெரியதற்கும் சிறியதற்கும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். அறிக்கைகளில் 'டன்' என்று மட்டும் எழுதி எதன் டன் என்று சொல்லாமல் விடுவது வழக்கமாகவே நடக்கிறது. இரண்டு இடங்களின் எண்களை ஒப்பிடும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விட்டம் வர்க்கமாக உள்ளே நுழைவதால் அதில் பிழை இரட்டிக்கும். மேற்கண்ட மரத்தை 42 செ.மீ. என்று எழுதிவிட்டால் எடை 10 விழுக்காடு ஏறிவிடும். இரண்டு செ.மீ. பிசகு என்பது ஒன்றுமே இல்லை. டேப்புக்கு அடியில் ஒரு கொடி இருந்தாலே போதும்.

அடர்த்திதான் பலரும் கோட்டைவிடும் இடம். இலவமரம் 0.35க்குக் கீழே, நாங்கு 0.9ஐத் தாண்டும். ஒரே விட்டம், ஒரே உயரம், ஆனால் எடையில் இரண்டரை மடங்கு வேறுபாடு. ஆகவே இனம் தெரியாமல் எடை தெரியாது. மரத்தின் பெயரைப் பட்டையையும் உதிர்ந்த இலையையும் பார்த்தே சொல்லக்கூடிய உள்ளூர்க்காரர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். அவர் சொல்லும் பெயரைத் தாவரப் பெயரோடு ஒருமுறை சரிபார்த்துப் பட்டியல் செய்துகொள்ளுங்கள். வெறுமனே 'மருது' என்று எழுதிவைத்தால் அது கருமருதா நீர்மருதா என்று அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இனம் கிடைக்காவிட்டால் பேரினத்தின் சராசரி, அதுவும் இல்லையென்றால் அந்தத் திடலின் சராசரி. இன்னொரு எச்சரிக்கை: மரக்கடைக் கையேடுகளில் உள்ள அடர்த்தி 12 விழுக்காடு ஈரத்தில் அளந்தது. நமக்கு வேண்டியது பச்சைமரத்தின் கன அளவுக்கு அடுப்பில் முழுக்க உலர்த்திய எடை. முந்தையதைப் போட்டால் மொத்தக் கணக்கும் ஒரே பக்கமாக ஏறிவிடும்.

இந்த அடர்த்தி விண்ணிலிருந்து தெரியாது. அமேசானில் இதற்குப் பெரிய சாட்சி உண்டு. வடகிழக்கில் கயானா பக்கத்துக் காடுகளில் கனமான மரங்கள் அதிகம். தரைத் திடல்கள் அங்கே அதிக உயிர்த்திரளை (மரங்களின் மொத்த உலர் எடையை) காட்டின. அப்போது பெயர்பெற்றிருந்த இரண்டு செயற்கைக்கோள் வரைபடங்கள் அந்த வடிவத்தைக் காட்டவில்லை; ஒன்றுக்கொன்றும் ஒத்துப்போகவில்லை. 2014இல் இந்த முரண்பாட்டைத் திடல்களோடு வைத்து விரிவாக வெளியிட்டார்கள். விண்ணிலிருந்து பார்த்தால் விதானத்தின் (மர உச்சிகள் சேர்ந்த கூரையின்) உயரமும் மூட்டமும் தெரியும், உள்ளே இருப்பது இலவா நாங்கா என்பது தெரியாது.

சமன்பாடும் வேதவாக்கல்ல. தனி மரத்துக்கு 35 விழுக்காடு முன்பின் போவது இயல்பு. நூற்றுக்கணக்கான மரங்களைக் கூட்டும்போது அது ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சமன்பாடே ஒருபக்கம் சாய்ந்திருந்தால் ஈடாகாது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகே வைத்தம் காட்டில் ஒவ்வொரு மரத்தையும் தரை லேசர் ஸ்கேனரால் முப்பரிமாணத்தில் வருடிக் கன அளவு கணக்கிட்டார்கள். 2022இல் வந்த முடிவு: வழக்கமான சமன்பாடு சொன்னதைப்போல் 1.77 மடங்கு உயிர்த்திரள். அந்தச் சமன்பாடு சிறு மரங்களை வைத்துக் கட்டியது. பெரிய மரங்களுக்கு நீட்டியபோது தோற்றது. உங்கள் காட்டில் இருக்கும் பெரிய மரத்தின் விட்டம் சமன்பாட்டின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.எஸ்.ஐ எனப்படும் இந்திய வன அளவை நிறுவனத்தின் இனவாரிக் கன அளவுச் சமன்பாடுகளைப் பயன்படுத்தினால் அலகைக் கவனியுங்கள்; பல சமன்பாடுகள் விட்டத்தை மீட்டரில் கேட்கும். தென்னை, பனை, மூங்கில் எதற்கும் மேற்கண்ட சமன்பாடு செல்லாது, அவற்றுக்குத் தனி.

திடலில் செய்ய வேண்டியவை, கெடுபவை

காட்டை முதலில் வகைபிரியுங்கள்: இலையுதிர், பசுமைமாறா, சோலை, தோட்டமரங்கள் என்று. பிறகு எத்தனை திடல் வேண்டும் என்று கணக்கிட ஒரு எளிய வழி: திடலுக்குத் திடல் உள்ள வேறுபாட்டுக் கெழுவை (பரவல் சராசரியில் எத்தனை விழுக்காடு என்பதை) இரண்டால் பெருக்கி, ஏற்கக்கூடிய பிழையால் வகுத்து, வர்க்கமாக்குங்கள். வேறுபாடு 50 விழுக்காடு, பிழை 10 விழுக்காட்டுக்குள் வேண்டுமென்றால் 100 திடல். பிழை 20 விழுக்காடு போதுமென்றால் 25தான். துல்லியத்தை இரட்டிக்க நான்கு மடங்கு வேலை என்பது இங்கேயே தெரிந்துவிடும். வகை பிரிப்பதால் ஒவ்வொன்றுக்குள்ளும் வேறுபாடு சுருங்கி இந்த எண் இறங்கும். திடல்களின் இடத்தைக் கணினியில் கட்டம் போட்டோ குலுக்கலிலோ முடிவுசெய்யுங்கள். "இங்கே நல்ல காடு இருக்கிறது" என்று நின்ற இடத்தில் திடல் போட்டால் பிறகு எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது. ஜீப் தடத்தின் ஓரமாகவே திடல் போடுவதும் அப்படித்தான். தடத்தோரக் காடு வெட்டுப்பட்டது.

எஃப்.எஸ்.ஐ நெடுங்காலம் பயன்படுத்திய திடல் 0.1 ஹெக்டேர், அதாவது 31.62 மீட்டர் பக்கமுள்ள சதுரம். மையத்திலிருந்து நான்கு மூலைக்கும் 22.36 மீட்டர் போட்டுப் பிடிப்பார்கள். பரப்பு எப்போதும் கிடைமட்டத்தில். 30 டிகிரி சரிவில் சரிவோடு 31.62 மீட்டர் டேப்பை விரித்தால் நீங்கள் பிடித்தது 0.0866 ஹெக்டேர்தான், 13 விழுக்காடு குறைவு. அந்தப் பக்கத்தைச் சரிவில் 36.5 மீட்டராக நீட்ட வேண்டும். மலைக்காட்டில் இந்த ஒரு திருத்தத்தை மறந்தால் சரிவான திடல்கள் எல்லாமே குறைவாகக் காட்டும். கெட்டியான காடு சரிவில்தான் மிஞ்சியிருக்கும் என்பதால் முடிவே தலைகீழாகப் போகலாம்.

0.1 ஹெக்டேர் போதுமா என்பது வேறு கேள்வி. 100 செ.மீ. விட்டமும் 35 மீட்டர் உயரமும் உள்ள ஒற்றை மரம், 0.6 அடர்த்தியில், சுமார் 10.5 டன். அது 0.1 ஹெக்டேர் திடலுக்குள் விழுந்தால் ஹெக்டேருக்கு 105 டன் கூடும்; ஓரடி தள்ளி வெளியே நின்றால் பூஜ்ஜியம். ஒரு ஹெக்டேர் திடலில் அதே மரத்தின் பங்கு 10.5 டன்தான். உலகின் 48 பெரிய திடல்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த கணக்கின்படி, எண்ணிக்கையில் 1 விழுக்காடே உள்ள மிகப் பெரிய மரங்கள் சராசரியாக உயிர்த்திரளில் பாதியைச் சுமக்கின்றன. முதுமலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் திடலும், இலங்கையின் சிங்கராஜாவில் உள்ள 25 ஹெக்டேர் திடலும் இத்தனை பெரிதாக இருப்பதன் பயன் இங்கே புரியும். அந்த அளவு எல்லோருக்கும் இயலாது. செயற்கைக்கோள் தரவோடு இணைக்கப்போகிறீர்கள் என்றால் 50 × 50 மீட்டருக்குக் குறைய வேண்டாம். ரேடாருக்கு ஒரு ஹெக்டேர் இருந்தால் நல்லது. 50 மீட்டர் சதுரம் என்றால் ஐந்து பேர் குழுவுக்குப் பாதி நாள் முதல் ஒரு நாள் வேலை.

அளக்கும் உயரம் உலக வழக்கில் 1.3 மீட்டர், இந்திய வனத்துறை வழக்கில் 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. இரண்டில் எதுவானாலும் சரி, ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். அதே நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஆள் மார்பளவு மாறாது. சரிவில் மேல்பக்கத்தில் நின்று அளக்க வேண்டும். சாய்ந்த மரத்துக்குச் சாய்வோடே நீளம் பிடியுங்கள். 1.3 மீட்டருக்குக் கீழேயே கிளைபிரிந்தால் ஒவ்வொரு தண்டும் தனி. சீமைக்கருவேலம் நிற்கும் இடத்தில் இது பெருந்தொல்லை, தண்டுகளின் விட்டங்களை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து ஒரு மரமாக்குவார்கள். பலகைவேர் உள்ள மரங்களில் வேர் முடியும் இடத்துக்கு அரை மீட்டர் மேலே அளந்து, அந்த உயரத்தையும் எழுதுங்கள். பலகைவேரைச் சுற்றி டேப் போட்டால் மரம் இரண்டு மடங்கு கனத்துவிடும். கொடிகளுக்கு அடியில் டேப்பை நுழைக்க வேண்டும். காப்பித் தோட்ட நிழல்மரங்களில் மிளகுக்கொடி தண்டையே மூடியிருக்கும். கொடியைப் பிய்க்க விடமாட்டார்கள், விலக்கி நுழைக்கத்தான் வேண்டும். அளந்த இடத்தில் பெயின்ட் கோடு. எண் தகட்டின் ஆணியை அந்தக் கோட்டிலேயே அடிக்காதீர்கள், அந்த இடம் புடைத்து அடுத்த முறை அளவு கெடும்; 30 செ.மீ. தள்ளி அடியுங்கள். இலையுதிர் காடுகளில் கோடையில் தண்டும் பட்டையும் சுருங்கும், மழைக்குப்பின் விரியும். முதல் அளவு மார்ச்சிலும் அடுத்தது நவம்பரிலும் எடுத்து "மரம் வளர்ந்தது" என்று எழுதினால் அதில் ஒரு பங்கு தண்ணீர்தான்.

உயரம்தான் களத்தில் மிக மோசமாக அளக்கப்படுவது. தூரத்தையும் கோணத்தையும் வைத்து டேன்ஜென்ட் கணக்கு போடும்போது, மர உச்சி என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் நம் பக்கம் நீட்டிய கிளையின் நுனி. கணக்கு மரத்தை உயர்த்திவிடும். லேசர் கருவியால் உச்சிக்கே நேராகத் தூரம் பிடித்துக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்குவது மேல். அடர்ந்த காட்டில் உச்சியே தெரியாத மரங்கள் ஏராளம். எல்லாவற்றையும் அரைகுறையாக அளப்பதைவிட, எல்லா விட்ட வகுப்புகளிலுமாக 50–60 மரங்களை நன்றாக அளந்து, விட்டத்துக்கும் உயரத்துக்கும் ஒரு வளைகோடு பொருத்தி, மற்றவற்றை அதிலிருந்து எடுப்பது நம்பகமானது.

கடைசியாகத் திடலின் இருப்பிடம். விதானத்துக்கு அடியில் கைபேசியோ சாதாரண ஜிபிஎஸ்ஸோ 10 மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம். 10 மீட்டர் பிக்சலோடு ஒப்பிடப்போகும் திடலுக்கு அது பக்கத்துக் காட்டை ஒட்டவைப்பதற்குச் சமம். இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் கருவியை மையத்தில் 20–30 நிமிடம் நிறுத்திச் சராசரி எடுங்கள். நான்கு மூலைகளையும் குறியுங்கள். மையம் மட்டும் இருந்தால் சதுரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது தெரியாது. உண்ணிச்செடி புதர் மண்டிய இடத்தில் நேர்கோடு பிடிப்பதே சிரமம். அதற்காகத் திடலை நகர்த்த ஆசை வரும். நகர்த்தினால் புதர்க்காடு முழுவதும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும்.

விண்ணிலிருந்து என்ன தெரியும்

கேமரா வகைச் செயற்கைக்கோள்களில் லேண்ட்சாட்டின் பிக்சல் 30 மீட்டர், சென்டினல்-2இன் பிக்சல் பத்து மீட்டர். இரண்டும் இலவசம், பச்சையை நன்றாகப் பார்க்கும். ஆனால் விதானம் மூடியபின் பச்சை ஏறாது. 20 வயதுத் தோட்டமும் முதிர்ந்த காடும் அதற்கு ஒரே பச்சை. காட்டு எல்லையையும் வகையையும் பிரிக்கவும், வெட்டு விழுந்த ஆண்டைக் கண்டுபிடிக்கவும் இவைதான் சிறந்தவை. எடைக்கு இவற்றை மட்டும் நம்புவது வீண். முதுமலை போன்ற இலையுதிர் காட்டில் பிப்ரவரிப் படமும் அக்டோபர் படமும் இரண்டு வேறு காடுபோல் இருக்கும் என்பதால், பருவத்தைக் கலந்து ஒரே படமாக்கிவிடாதீர்கள்.

ரேடாரில் அலைநீளம்தான் எல்லாம். சென்டினல்-1இன் 5.6 செ.மீ. அலை இலையிலும் சிறு கிளையிலுமே நின்றுவிடும். ஹெக்டேருக்கு 50 டன் தாண்டினால் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஜப்பானின் ஆலோஸ் செயற்கைக்கோள் வரிசை பயன்படுத்தும் 24 செ.மீ. அலை பெரிய கிளைகள்வரை இறங்கும். 100 முதல் 150 டன்வரை ஏறுமுகம் இருக்கும், பிறகு தட்டையாகிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா–இஸ்ரோ கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நிசாரும் அதே 24 செ.மீ. அலையையும் இஸ்ரோவின் குறுகிய எஸ் அலையையும் சேர்த்து 12 நாளுக்கொருமுறை பார்க்கிறது. 100 டன்னுக்குக் கீழே உள்ள காடுகளுக்காகத்தான் அதன் உயிர்த்திரள் இலக்கே வகுக்கப்பட்டது. வறண்ட இலையுதிர் காடுகளுக்கும் முட்காடுகளுக்கும் அது வரம்; வால்பாறைப் பக்கத்துப் பசுமைமாறாக் காட்டுக்கு அது போதாது. அங்கே எதிர்பார்க்க வேண்டியது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பயோமாஸ் செயற்கைக்கோள். 2025 ஏப்ரல் 29 அன்று ஏவப்பட்டது. 70 செ.மீ. அலை, இலைகளை ஊடுருவி அடிமரம்வரை போகும். ஆனால் அதன் உயிர்த்திரள் கட்டம் 200 மீட்டர், அதாவது நான்கு ஹெக்டேர். சிறு காட்டுக்கு அது பருமன்.

ரேடாரோடு வேலை செய்யும்போது இரண்டு இடங்களில் வழுக்கும். ஆலோஸ் ஆண்டுத் தொகுப்பில் பிக்சல் மதிப்பை வர்க்கித்து, பத்தடி மடக்கை எடுத்து, 10ஆல் பெருக்கி, 83ஐக் கழித்தால் டெசிபல். திடலுக்குள் சராசரி எடுப்பது டெசிபலுக்கு மாற்றுவதற்கு முன்னால். −10, −20 இரண்டின் சராசரியை −15 என்று போட்டால் தப்பு. ஆற்றல் அளவில் சராசரி எடுத்தால் −12.6 வரும். இரண்டாவது, மலைச்சரிவு. ரேடாரை நோக்கிய சரிவு பளிச்சென்றும் முதுகு காட்டும் சரிவு இருட்டாகவும் இருக்கும். சரிவுத் திருத்தம் செய்யாமல் போட்டால் உயிர்த்திரள் வரைபடம் என்ற பெயரில் மலையின் நிழல்படம்தான் கிடைக்கும். மழை பெய்த மறுநாள் படத்தையும் தவிருங்கள்.

லேசரில் முதன்மையானது நாசாவின் ஜெடை என்ற கருவி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018 டிசம்பரில் அனுப்பி, 2019 முதல் தரவு தருகிறது. 2023 மார்ச்சிலிருந்து 2024 ஏப்ரல்வரை இடைவெளி. வடக்கும் தெற்கும் 51.6 டிகிரிக்குள் மட்டும். இது படமல்ல. 25 மீட்டர் வட்டப் புள்ளிகள், தடத்தில் 60 மீட்டருக்கொன்று, தடங்களுக்கிடையே 600 மீட்டர். புள்ளியின் இடம் சுமார் 10 மீட்டர் தள்ளியிருக்கலாம். தரக்குறி சரியாக இருப்பவை, உணர்திறன் (விதானத்தை ஊடுருவித் தரையைப் பிடிக்கும் திறன்) 0.95க்கு மேற்பட்டவை (அடர்ந்த காட்டுக்கு 0.98), முடிந்தால் இரவில் எடுத்தவை, வீரியக் கற்றையில் எடுத்தவை என்று வடிகட்டுங்கள், பாதிக்குமேல் போய்விடும், போகட்டும். சரிவில் இது தடுமாறும்: 30 டிகிரிச் சரிவில் 25 மீட்டர் வட்டத்துக்குள் தரையே 14 மீட்டர் ஏறி இறங்குகிறது. பன்னிரண்டு மீட்டர் சோலைமரத்தையும் வெறும் சரிவையும் அப்போது பிரித்தறிவது கடினம்.

இரண்டையும் சேர்ப்பது

வழக்கமான வழி: திடலின் எண்ணை ஒருபக்கம், அந்த இடத்து ரேடார், பச்சை, உயர மதிப்புகளை மறுபக்கம் வைத்து ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற ஓர் இயந்திரக் கற்றல் முறையைப் பயிற்றுவிப்பது. செயற்கைக்கோள் தரவை இணையத்திலேயே கையாளும் கூகுள் எர்த் எஞ்சினில் ஒரு மதியத்தில் முடிகிற வேலை; ஆபத்தும் அந்தச் சுலபத்தில்தான். இந்த முறைகள் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கும். மெலிந்த காட்டைக் கொழுக்கவைக்கும், முதிர்ந்த காட்டை இளைக்கவைக்கும். முன்கணிப்பையும் திடலையும் புள்ளிகளாகப் போட்டுப் பார்த்தால் கோடு படுத்திருப்பது தெரியும்.

அதைவிட மோசம், தேர்ச்சி பார்க்கும் விதம். திடல்களைக் குலுக்கி ஐந்தில் ஒன்றை ஒதுக்கிச் சோதிப்பார்கள். ஒதுக்கிய திடலுக்குப் பக்கத்திலேயே பயிற்சித் திடல் இருப்பதால் முறை தேறிவிடும். அக்கம்பக்கத்துக் காடுகள் ஒன்றுபோலிருக்கும் என்பதைத்தான் அது கற்றிருக்கும். மத்திய ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கான மரங்களின் கணக்கெடுப்புத் தரவை வைத்து 2020இல் இதை அம்பலப்படுத்தினார்கள். குலுக்கல் சோதனையில் வேறுபாட்டின் பாதிக்குமேல் விளக்கிய மாதிரி, தொலைவு பிரித்துச் சோதித்ததும் ஏறக்குறைய பூஜ்ஜியமானது. ஆகவே ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் மறைத்து, மற்றவற்றில் பயிற்றுவித்து, மறைத்ததில் சோதியுங்கள். எண் குறையும். அந்தக் குறைந்த எண்தான் உண்மை.

சில நூறு ஹெக்டேருக்கு என் பரிந்துரை, வரைபடத்தைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிக்சல்களைக் கூட்டி மொத்தம் சொல்லாதீர்கள். வரைபடத்தின் சராசரியை எடுத்து, திடல்களில் வரைபடம் எவ்வளவு தவறியது என்பதன் சராசரியை அதில் சேருங்கள். எடுத்துக்காட்டாக, வரைபடச் சராசரி 160 டன், 36 திடல்களில் அது சராசரியாக 12 டன் குறைத்துச் சொல்லியிருந்தால், விடை 172. தவறுதலின் பரவல் 40 டன் என்றால் அதை 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுத்து இரண்டால் பெருக்க, ±13. வரைபடம் இல்லாமல் வெறும் திடல்களின் பரவல் 70 டன் என்றால் ±23 ஆகியிருக்கும். செயற்கைக்கோள் உங்களுக்குச் செய்துதருவது இந்தச் சுருக்கம். அது பல திடல்களின் கூலியை மிச்சப்படுத்துகிறது. மரச் சமன்பாடு, அடர்த்தி, உயரம் இவற்றின் பிழையையும் சேர்த்துக் கடத்த 'ஆர்' என்ற கணினி மொழியில் (அந்தச் செயற்கைக்கோளின் பெயரிலேயே) 'பயோமாஸ்' என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 100 மீட்டர் உலக வரைபடத்தை அப்படியே வெட்டியெடுத்து அறிக்கையில் ஒட்டுவதைவிட இந்த வழி எவ்வளவோ மேல். அந்த வரைபடம் நாட்டளவில் பார்க்கச் செய்தது.

மீதிக் கார்பன்

இதுவரை சொன்னது தரைக்குமேல் உயிருள்ள மரம் மட்டும். வேருக்குப் பொதுவாக ஒரு விகிதம் போடுவார்கள்: ஐபிசிசியின் 2006 அட்டவணையில் வெப்பமண்டல மழைக்காட்டுக்கு 0.37, ஈர இலையுதிர் காட்டுக்கு 125 டன்னுக்குக் கீழே 0.20, மேலே 0.24. விழுந்த மரங்களுக்கு 100 மீட்டர் கோடு போட்டு, கோட்டைக் குறுக்கிடும் கட்டைகளின் தடிமனைச் செ.மீ.யில் எடுத்து, வர்க்கங்களைக் கூட்டி, 1.234ஆல் பெருக்கி, கோட்டின் நீளத்தால் வகுத்தால் ஹெக்டேருக்குக் கன மீட்டர். 10, 15, 20 செ.மீ. கட்டைகள் மூன்று என்றால் 8.9 கன மீட்டர். உளுத்த கட்டையின் அடர்த்தி பாதிகூட இராது. அதைத் தனியாக எடைபோடுங்கள். சருகுக்கு ஒரு மீட்டர் சதுரம் போதும்.

மண்ணை விடாதீர்கள். இந்திய வன நிலை அறிக்கை 2021இன்படி நாட்டின் காடுகளில் உள்ள 7,204 மில்லியன் டன் கார்பனில் 56 விழுக்காடு மண்ணில்தான். எந்தச் செயற்கைக்கோளுக்கும் அது தெரியாது. கணக்கு எளிது: கார்பன் விழுக்காடு × மண் அடர்த்தி × ஆழம் செ.மீ.யில். 2 விழுக்காடு, 1.1, 30 செ.மீ. என்றால் ஹெக்டேருக்கு 66 டன். கல் 20 விழுக்காடு இருந்தால் 53தான். மலைமண்ணில் கல்லைக் கழிக்க மறப்பவர்கள் நிறைய. குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கும்போது மண் இறுகி அடர்த்தி ஏறும் என்பதையும் பாருங்கள். ஆய்வகத்தில் மண்ணின் கார்பனை முழுதும் பிடிக்காத வாக்லி–பிளாக் என்ற வேதிமுறையென்றால் 1.3 திருத்தம் போட்டார்களா என்று கேட்டு எழுதிவாங்குங்கள். நீலகிரியின் புல்வெளிகளை மரமில்லாத வெற்றிடமாகக் காட்டும் வரைபடங்களை வைத்துக்கொண்டு அங்கே மரம் நட்டால் கார்பன் ஏறும் என்று திட்டம் போடுபவர்கள், அந்தப் புல்லுக்கடியில் ஒரு குழிகூடத் தோண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளில் சேற்றின் ஆழம் 30 செ.மீ.யோடு நிற்பதில்லை, அங்கே ஒரு மீட்டராவது எடுக்க வேண்டும்.

ஐந்து ஆண்டு கழித்து எவ்வளவு கூடியது என்று சொல்லத்தான் பெரும்பாலும் இதையெல்லாம் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டு வரைபடங்களைக் கழித்து விடை சொல்லாதீர்கள். ஒவ்வொன்றிலும் ±20 டன் என்றால் வித்தியாசத்தில் ±28; காடு அதற்குள் கூடியிருப்பது ஐந்தோ பத்தோ. அதே திடலில், அதே பெயின்ட் கோட்டில், அதே பருவத்தில் மீண்டும் டேப் போட்டால் பெரும்பாலான பிழைகள் இரண்டு முறையும் ஒன்றாகவே இருந்து கழிந்துவிடும். ஆகவே முதல் தடவையே மூலைகளில் இரும்புக் கம்பி இறக்கி, ஒவ்வொரு மரத்தின் எண், அளந்த உயரம், தேதி எல்லாவற்றையும் கோப்பில் சேர்த்து, கூட்டிய மொத்தத்தோடு நிறுத்தாமல் மரவாரியான மூலத் தரவையும் இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். நாளைக்குச் சமன்பாடு மாறும். விட்டம் கையில் இருந்தால் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.